இருபத்து நான்கு வெள்ளைச் சட்டைகளும் பதினோரு பேர் வரைந்த லோகோவும்

1. முப்பத்தெட்டு நிமிடம்

அந்தச் சட்டை கெட்டுப்போக முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு எழுநூறு தையல் வேகத்தில் ஓடும் எம்ப்ராய்டரி மெஷினில் இருபத்தேழாயிரம் தையல் போட அவ்வளவு நேரம் பிடிக்கும். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் துணி லேசாகச் சுருங்க ஆரம்பித்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இருபதாவது நிமிடத்தில் ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டினேன். மெஷின் நின்றதும், துணியை இறுக்கிப் பிடித்திருந்த ஃப்ரேமைக் கழற்றிப் பார்த்தேன். சட்டையின் இடது மார்பில், ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில், அட்டை போல விறைத்த ஒரு வட்டம் இருந்தது. அதன் ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி துணி மடிந்திருந்தது. வட்டத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில் பக்க வடிவமைப்பாளனாக இருந்தேன். பக்கம் கட்டும் வேலை முழுவதையும் சென்னைக்கு மாற்றினார்கள். நான் மாறவில்லை. நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடை வைத்திருக்கும் கலா, டிசைன் போட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கல்யாண ஜாக்கெட், பள்ளிச் சீருடை பாக்கெட், ஹோட்டல்காரர்களின் தொப்பி ஆகியவைதான் கடையின் அன்றாட வேலைகள். கலாவுக்கு முப்பத்தைந்து வயது. பக்கத்துத் தேங்காய்த்திட்டில் பிறந்த பெண். மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

என் வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று, ஒரு படத்தை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது. சாஃப்ட்வேரை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். தொழிலையே கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்ததுதான் கோளாறு.

"அண்ணே, மௌஸை நல்லாத்தான் புடிக்கிறீங்க. நூலு இன்னா பண்ணும்னுதான் உங்களுக்குத் தெரியல," என்று கலா ஒருநாள் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2. பதினோரு பேர், பதினோரு பொருள்

அந்தச் சட்டை ஒரு பெத்தாங் கிளப்புக்குச் சொந்தமானது. பெத்தாங் என்பது இரும்புக் குண்டுகளை வீசி, சின்ன மரக்குண்டுக்கு யார் அதிகம் நெருங்குகிறார்கள் என்று பார்க்கும் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்டம். எங்கள் ஊரில் அதைப் பெரும்பாலும் ஆடுகிறவர்கள் சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கிளப்பின் தலைவர் முசே ரொபேர். ஐயா என்பதற்கு அங்கே பிரெஞ்சு முசேதான். எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை. ஒரு பெட்டியை மேசை மேல் வைத்தார். இருபத்து நான்கு வெள்ளை டி-ஷர்ட்கள், காலர் வைத்தவை. அவருடைய மகள் பிரான்சிலிருந்து அனுப்பியது. உறுப்பினர்களும் இருபத்து நான்கு பேர்தான். ஒவ்வொரு சட்டையிலும் அவரவர் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது.

"உபரி ஒண்ணுகூட கிடையாது தம்பி. எண்ணித்தான் அனுப்பியிருக்கா. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம அங்கேருந்து ஒரு டீம் வருது. அவனுங்க எதிர்ல நாங்க ஒரே மாதிரி நிக்கணும்," என்றார்.

பிறகு லோகோவை எடுத்துக் காட்டினார். ஒரு சார்ட் பேப்பர் முழுக்க வரைந்திருந்தார்கள். கலங்கரை விளக்கம், நங்கூரம், சேவல், கப்பல், இரண்டு தென்னை மரம், மூன்று இரும்புக் குண்டு, ஏழு அலை, உதயசூரியன் மாதிரி ஒன்று, பிரெஞ்சில் ஒரு வாசகம், தமிழில் கிளப் பெயர், தொடங்கிய வருடம்.

"இவ்வளவும் வேணுமா முசே?" என்று கலா கேட்டார்.

"கமிட்டியில பதினோரு பேரும்மா. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க."

"எடுத்து வுட முடியாதா?"

"எத எடுக்கறது? சேவல எடுத்தா பியேர் பேச மாட்டான். கப்பல எடுத்தா அந்துவான் வர மாட்டான். நங்கூரம் என்னுது."

எனக்கு இது பழகிய விஷயம். ஒரே பக்கத்தில் எட்டு அரசியல்வாதிகளின் படத்தை, யாருக்கும் மனத்தாங்கல் வராமல் அடுக்கியவன் நான். இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் கொண்டுவந்தேன். பிரெஞ்சு வாசகத்தை வட்டத்தின் ஓரத்தில் ஆறு பாயிண்ட் எழுத்தில் ஓட்டினேன். வரி விளம்பரமெல்லாம் ஆறு பாயிண்டில்தான் வருகிறது, ஜனங்கள் படிக்கத்தானே செய்கிறார்கள். ஒன்பது சென்டிமீட்டர் அளவில் ஆர்ட் பேப்பரில் பிரிண்ட் எடுத்தேன். சேவலின் கொண்டை தெரிந்தது. கப்பலின் ஜன்னல்களை எண்ணலாம். முசே ரொபேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அச்சுக்குப் போகலாம் என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த ஆசிரியரும் என் பக்கத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

மறுநாள் ஆடி வெள்ளி. வீராம்பட்டினத்தில் தேர். கலாவுக்குப் புகுந்த வீடு அந்த ஊர்தான். கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்:

"அண்ணே, மொதல்ல வேஸ்ட் துணியில ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சட்டையில கை வைங்க."

சரி என்றேன். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் கையில் இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு ஒரு சோதனை ஓட்டம் என்று மனதுக்குள் நினைத்தேன். கலா வருவதற்குள் ஒரு சட்டையை முடித்துக் காட்டிவிடலாம் என்று ஆசை. பெரிய சட்டையென்றால் ஃப்ரேமில் மாட்டச் சுலபமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, பெட்டியில் இருந்த ஒரே டபுள் எக்ஸ்எல் சட்டையை எடுத்தேன்.

3. கலா பார்த்தார்

சனிக்கிழமை காலை கலா கடைக்கு வந்தார். நெற்றியில் தேர்க் குங்குமம். சட்டையை மேசை மேல் விரித்து வைத்திருந்தேன். விரலால் அந்த வட்டத்தைச் சுண்டினார். டக்கென்று சத்தம் கேட்டது.

"அண்ணே, இது லோகோவா, இல்ல காலையில சுட்ட அடையா?"

"ப்ரூஃப்ல நல்லா இருந்தது கலா."

"ப்ரூஃப்ப தொவைக்க மாட்டாங்களே. உங்க பேப்பர்ல மொத காப்பி சரியா வரலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"கழிச்சுடுவோம். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் வர்ற மொத காப்பியெல்லாம் வேஸ்ட்தான்."

"இத கழிக்க முடியாது. இதுக்குள்ள ஒரு ஆளு இருக்காரு." சீட்டைத் திருப்பிப் படித்தார். "சவரிராயன்."

பிறகு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். பத்து நிமிடம் ஆனது. நான் பத்திரிகைக்காரன் என்பதால் குறித்துக்கொண்டேன்.

நூலுக்குத் தடிமன் உண்டு. மையைப் போலத் துணிமேல் படிந்து கிடக்காது. ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் இழுக்கும். டி-ஷர்ட் துணி பின்னல் துணி, இழுத்த பக்கமெல்லாம் வரும். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஊசி இறங்கிய இடத்திலேயே இறங்கித் துணியைக் கிழிக்கும். ஆங்கில எழுத்து ஐந்து மில்லியாவது உயரம் இருக்க வேண்டும். தமிழுக்கு எட்டு வேண்டும், இல்லாவிட்டால் 'ணி', 'ழு' மாதிரி எழுத்துகளின் சுழிக்குள் நூல் நிரம்பி அடைத்துக்கொள்ளும். ஆறு பாயிண்ட் எழுத்தின் உயரம் இரண்டு மில்லிக்கும் குறைவு. நான் போட்ட பிரெஞ்சு வாசகம், வரிசையாகப் போகும் எறும்பு மாதிரி வந்திருந்தது. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம், அதன் மேல் மூன்றாவது என்று நான் அடுக்கியதால் நடுவில் ஐந்து அடுக்கு நூல் இருந்தது. மார்பில் வைக்கிற லோகோவுக்கு எட்டாயிரம் தையல் தாராளம். நான் போட்டது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

"பிரிச்சுடலாமா?" என்றேன்.

"பிரிச்சா சல்லடையாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்கும். மூடித்தான் ஆவணும். மொதல்ல லோகோவ கொறைங்க. அப்புறம் இத பாத்துக்கலாம். அதுக்கு முன்னால முசேகிட்ட சொல்லிடுங்க."

"யார், நானா?"

"நானா அண்ணே ஓட்டினேன்?"

4. எட்டு மீட்டர்

கிளப்பின் மைதானம் என்பது வேப்ப மரங்களுக்கு நடுவே செம்மண் கொட்டிச் சமன்படுத்திய ஓர் இடம். மாலையில் போனோம். முசே ரொபேரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. யாருடைய சட்டை என்று மட்டும் கேட்டார்.

"முசே சவரிராயன்."

கண்ணை மூடித் திறந்தார். "இருபத்து நாலு பேர்ல அவனுதா கெடச்சுது உனக்கு? செக்ரட்டரிப்பா அவன். இதுவரைக்கும் நாலு தடவ ராஜினாமா பண்ணியிருக்கான். ஒரு தடவ காப்பியில சக்கர கம்மின்னு. நீ ஒண்ணும் பேசாத. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. தலைவரே சொல்கிறேன் என்ற பிறகு நமக்கென்ன.

அடுத்தது லோகோவைக் குறைக்க வேண்டும். கமிட்டி கூடியது. கெட்ட சட்டையைக் காட்ட முடியாததால், கலா அதே டிசைனை அதே மாதிரி வெள்ளைத் துணித் துண்டில் ஓட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை எல்லோரும் கையில் வாங்கி, மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்கள். பியேர் தன் சேவலைக் கண்டுபிடித்துவிட்டார். அந்துவானுக்குக் கப்பல் கிடைத்தது. அவரவர் பொருள் அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது. எதையும் எடுக்கத் தேவையில்லை என்று தீர்மானமாகிற நேரம்.

அப்போது கலா அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போய், எதிரே இருந்த வேப்ப மரத்தில் குண்டூசியால் குத்திவிட்டு வந்தார்.

"வர்ற டீம்காரங்க உங்க மூஞ்சிக்கு நேரா வந்தா நிப்பாங்க? எங்கேருந்து குண்டு வீசுவீங்க?"

"இந்த வட்டத்துலேருந்து," என்று காலடியில் மண்ணில் கீறியிருந்த வட்டத்தைக் காட்டினார் பியேர்.

"அங்கேருந்து பாத்துச் சொல்லுங்க."

பெத்தாங் ஆடுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சண்டையும் டேப் வந்தால் நின்றுவிடும். இரண்டு குண்டுக்கும் நடுவே அரை மில்லி வித்தியாசம் என்று டேப் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. அந்த டேப்பைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறவர் முசே சவரிராயன். நல்ல உயரம், நல்ல பருமன். குனிந்து அளக்கும்போது மட்டும் பையன் மாதிரி குனிவார். வட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே டேப்பைப் பிடித்தார்.

"எட்டு மீட்டர். கணக்கா இருக்கு. ஒவ்வொருத்தனா வந்து நில்லுங்க. இன்னா தெரியுதோ அத மட்டும் சொல்லணும். நெஞ்சுல இருக்கறத சொல்லக் கூடாது."

முதலில் பியேர் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செவப்பா ஏதோ தெரியுது."

"சேவலா?"

"மீன் கொழம்பு மாதிரியும் இருக்கு."

அந்துவான் கப்பலைத் தேடி இரண்டடி முன்னே வந்தார். "கோட்டத் தாண்டாத," என்று சவரிராயன் சொன்னார். திரும்பிப் போய் நின்றார். கப்பல் கிடைக்கவில்லை. தென்னை மரத்தைச் சொன்னவர் குருவிக்கூடு என்றார். தன் பொருளை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவன் பொருளை எடுக்கலாம் என்று ஒருவர் பேச்செடுத்தார்.

"தெரியாதது கணக்குல வராது. என்னுது அலை. எனக்கே தெரியல. எடுத்துடுங்க," என்றார் சவரிராயன்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. கடைசியில் கலங்கரை விளக்கமும், அதன் அடியில் மூன்று குண்டும், கீழே எட்டு மில்லி உயரத்தில் 'புதுச்சேரி' என்ற ஒரு சொல்லும் மிஞ்சின. 'ச்'சின் புள்ளியைக் கலா கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். நங்கூரம் போனதில் முசே ரொபேருக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. பிரெஞ்சு வாசகத்தை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார்.

"அத வாயால சொல்லிக்கலாம். நமக்கு என்ன, வாய்க்கா பஞ்சம்?" என்றார் சவரிராயன்.

புதிய டிசைன் ஏழாயிரத்து நானூறு தையல் வந்தது. ஒரு சட்டைக்குப் பதினொரு நிமிடம். இந்த முறை சட்டைத் துணியைப் போலவே பின்னல் துணி வாங்கி மூன்று மாதிரி ஓட்டினேன். இருபத்து மூன்று சட்டைகளும் ஒன்று போல வந்தன. இருபத்து நான்காவதுக்குக் கலா ஒரு வழி செய்தார். பழைய வட்டத்தின் மேல்பக்க நூலைப் பிளேடால் சிரைத்துத் தட்டையாக்கினார். கெட்டியான வெள்ளைத் துணியில் லோகோவைத் தனியே தைத்து, ஓரம் கட்டி, ஒன்பதரை சென்டிமீட்டர் பேட்ஜாக வெட்டி, அந்த இடத்தின் மேல் வைத்துத் தைத்தார். பார்க்க நன்றாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை

பிரான்சிலிருந்து வந்த அணி ஒருபுறம் நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் இருபத்து நான்கு பேரும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். எட்டு மீட்டரிலிருந்து பார்த்தேன். கலங்கரை விளக்கம் கலங்கரை விளக்கமாகத் தெரிந்தது. வரிசையின் நடுவில் ஒரு மார்பில் மட்டும் அது வட்டமாக, ஓரம் கட்டி, மேடாகத் தெரிந்தது.

பியேர் முதலில் கவனித்தார். "சவரிக்கு மட்டும் இன்னா பேட்ஜு?"

"எனக்கு ஏன் இல்ல?" என்று அந்துவான் கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். முசே ரொபேர் கண் இமைக்காமல் சொன்னார்: "அது செக்ரட்டரி பேட்ஜு."

அவர் சவரிராயனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளியிருக்கிறார். இப்போது ஒரு பதவிச் சின்னத்தையே உண்டாக்கிவிட்டார். கலா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர் கேன் வைத்திருந்த பக்கம் போனேன். சவரிராயன் என் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, இருபது வருஷமா இந்த டேப்ப புடிச்சிக்கிட்டு குனிஞ்சி நிமிர்றேன். ஒருத்தன் கண்டுகினதில்ல. வெளியாள், நீ கண்டுகின. ரொம்ப மெர்சி."

பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியே விட்டிருந்தால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் முதல் துவைப்பில் இல்லாவிட்டாலும் நான்காவது துவைப்பில் பேட்ஜின் ஓரம் சுருங்கும். சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அரை மில்லியைக் கண்டுபிடிக்கிற மனிதர்.

"முசே, ஒரு விஷயம். இந்த எம்ப்ராய்டரியில பின்னல் துணிக்கும் நெசவுத் துணிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு..."

"ம்."

"நூல் இழுக்கும்போது துணி..."

"தம்பி, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது. இன்னா விஷயம்?"

"உங்க சட்டைய நான் கெடுத்துட்டேன். அதை மறைக்கத்தான் பேட்ஜ். கலா சொன்ன பேச்சைக் கேக்காம பழைய டிசைனை நேரா உங்க சட்டையில ஓட்டினேன். அது இன்னும் அடியில இருக்கு."

அவர் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்துப் பேட்ஜின் மேல் வைத்தார்.

"ஒன்பதரை. அடியில இருக்கறது?"

"ஒன்பது."

"முழுசா மூடியிருக்கா?"

"மூடியிருக்கு முசே."

"அதான் காலையிலேருந்து குத்துது." டேப்பைச் சுருட்டினார். எதிரே வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பியேரும் அந்துவானும் இன்னும் முசே ரொபேரிடம் பேட்ஜைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது கையசைப்பிலேயே தெரிந்தது.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"முசே ரொபேர், கலா, நான்."

"அவனுங்களுக்கு?"

"தெரியாது."

"ஆட்டம் முடியற வரைக்கும் தெரிய வேணாம். கொஞ்ச நேரம் வயிறு எரியட்டும்." நாலடி போய்த் திரும்பினார். "ராஜினாமாவ நாளைக்கி எழுதறேன்."

"என் மேல கோவமா முசே?"

"நீதான் சொல்லிட்டியே. இது ரொபேருக்கு."

அந்தக் கடிதத்தை எழுதினார் என்றும், முசே ரொபேர் அதைப் பழைய நான்கு கடிதங்களோடு வைத்திருக்கிறார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். சவரிராயன் இன்றும் செயலாளர்தான்.

பஞ்சிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் எத்தனை மில்லி, எத்தனை தையல், எந்தக் கோணம் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன், அதில் பாதியை இப்போது சாஃப்ட்வேரே சொல்லிவிடுகிறது. அது சொல்லாதது இரண்டு உண்டு. காகிதத்தில் வாங்கிய கையெழுத்து துணிக்கு உத்தரவாதம் ஆகாது, எந்தத் துணியோ அந்தத் துணியிலேயே ஒன்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் ஒரு சட்டை கெட்டுப்போனால், அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும், அவர் வந்து நன்றி சொல்வதற்கு முன்பாக.